கரையில் எனக்குத் துணை உண்டு

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வேலையைப் பற்றியும் புது வீட்டைப் பற்றியும் விரிவாக எழுதிவிட்டுக் கடைசிப் பத்தியில் நீ கேட்டிருக்கும் ஒரு கேள்விக்குத்தான் இந்தக் கடிதம் முழுவதையும் ஒதுக்கப்போகிறேன். இந்த வயதில் விடிவதற்கு முன் எழுந்து, ஆளரவமற்ற ஏரிக்கரையில் தூண்டிலும் கையுமாக மணிக்கணக்கில் தனியே உட்கார்ந்திருப்பது எதற்கு என்று கேட்டிருக்கிறாய். உன் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் நீ மனத்தில் காணும் கரையில் நான் ஒருவன்தான் இருக்கிறேன். நான் உண்மையில் போய் உட்காரும் கரையில் நாங்கள் பலர் இருக்கிறோம். ஓய்வுபெற்ற பிறகு எனக்குக் கிடைத்த நண்பர்களில் பெரும்பாலோரை நான் தண்ணீர்க்கரையில்தான் பெற்றேன். அவர்களோடு என் காலைப்பொழுது எப்படிக் கழிகிறது என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

மீன்பிடிக்கப் போகும் நாள் முந்தின இரவே தொடங்கிவிடுகிறது. ரீலிலிருந்து தூண்டிலின் நைலான் நரம்பைச் சிறிது தூரம் உருவி, விரல் நுனிகளுக்கு இடையே ஓடவிட்டுப் பார்ப்பேன். பாறையிலோ கட்டையிலோ உரசிய இடம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விரலுக்குச் சொரசொரப்பாகத் தட்டுப்படும், அந்த இடம் வரை வெட்டி நீக்கிவிட வேண்டும். தூண்டில் முள்ளின் முனையைக் கட்டைவிரல் நகத்தின்மேல் வைத்து மெல்ல இழுத்தால், வழுக்கிக்கொண்டு போவது மழுங்கிய முள், நகத்தைக் கீறிப் பிடிப்பது நல்ல முள். முடிச்சை இறுக்குவதற்கு முன் எச்சில் தொட்டு நனைக்க வேண்டும், ஏனென்றால் உலர்ந்த நைலான் தன்மேல் தானே உரசும் சூட்டிலேயே வலுவிழந்துவிடும். பெரிய மீன் அறுத்துக்கொண்டு போய்விட்டது என்று வருந்துகிறவர்களில் பலருடைய நரம்பு அந்த முடிச்சில்தான் விட்டுப்போயிருக்கும். மண்புழுக்களை ஈர மண்ணோடு குளிர்ந்த இடத்தில் வைத்துவிட்டுப் படுத்தேனென்றால் அலாரம் அடிப்பதற்கு முன்பே விழிப்பு வந்துவிடுகிறது.

நான் போய்ச் சேரும் நேரத்தில் இருள் பிரிந்திருக்காது. முகம் தெரியாவிட்டாலும் இருமலையும் ரீல் சுற்றும் ஓசையையும் வைத்தே யார் எங்கே இருக்கிறார் என்று கண்டுகொள்ளலாம். "ஏதாவது தட்டுப்பட்டதா?" என்பதுதான் எங்களுக்குள் நலம் விசாரிப்பு. அதன் பிறகு எங்கே உட்காருவது என்ற பேச்சு எழும். எங்களில் ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். செடி மண்டிய தண்ணீரில் இரவு முழுவதும் தாவரங்களும் சேர்ந்து மூச்சுவிடுவதால் விடியற்காலையில்தான் ஆக்சிஜன் மிகக் குறைந்திருக்கும் என்றும், ஆகையால் அந்த நேரத்தில் செடிகளுக்குள் தேடாமல் ஓடைநீர் வந்து விழும் இடத்திலோ காற்று அலையடிக்கும் பக்கத்திலோ தேட வேண்டும் என்றும் அவர் சொல்வார். 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கக்கூடும், அதுவே 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம் அளவுக்குக் குறைந்துவிடும், வெயில் ஏறிய நண்பகலில் மீன்கள் இரையெடுக்கச் சுணங்குவதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது அவருடைய விளக்கம். எங்கள் எல்லோருக்கும் மூத்தவரான பெரியவர், இந்த எண்கள் எதையும் கேட்டறியாமலேயே, ஓடை வந்து விழும் அதே இடத்தில் முன்கூட்டியே போய் உட்கார்ந்திருப்பார். இருவரும் வெவ்வேறு வழியாக ஒரே இடத்துக்கு வந்து சேர்வதைப் பார்ப்பதில் எனக்குத் தீராத மகிழ்ச்சி.

மீன்பிடிக்கும் இடத்தில் வாய்திறக்கக் கூடாது என்று நீ நினைத்துக்கொண்டிருக்கலாம். அப்படியில்லை. காற்றில் எழும் பேச்சொலியில் மிகப் பெரும்பகுதி நீரின் மேற்பரப்பிலேயே திரும்பிவிடும். உள்ளே போவது கரையை அதிரவைக்கும் காலடிதான். கெண்டைக்கும் கெளுத்திக்கும் காற்றுப்பையையும் உட்காதையும் இணைக்கும் சிறு எலும்புகளின் தொடர் ஒன்று உண்டு. காற்றுப்பை வாங்கும் அதிர்வு அந்த எலும்புகள் வழியாக நேரே காதுக்குப் போய்விடும். அதனால்தான் நாங்கள் தாழ்ந்த குரலில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுகிறோம், ஆனால் யாரும் தொம்தொம் என்று நடப்பதில்லை, பெட்டியைத் தரையில் பொத்தென்று வைப்பதில்லை. பெரியவர் நின்றுகொண்டு தூண்டில் போட்டதை நான் பார்த்ததே இல்லை. நீரில் நுழையும்போது ஒளி வளைவதால், மேலே உள்ள உலகம் முழுவதும் மீனின் கண்ணுக்கு ஒரு வட்ட ஜன்னலுக்குள் அடங்கித் தெரியும். கரையோடு ஒட்டித் தாழ்ந்திருப்பது அந்த ஜன்னலின் விளிம்பில் நசுங்கிப்போய்விடும், நிமிர்ந்து நிற்பவர் மட்டும் துலக்கமாகத் தெரிவார்.

தக்கையைப் பற்றி உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. மயிலிறகின் தண்டில் செய்த தக்கையைத்தான் நான் இன்றும் பயன்படுத்துகிறேன். அதன் சிவப்பு நுனி ஒரு விரற்கடை மட்டும் நீருக்கு மேலே நிற்கும்படி ஈயக்குண்டைக் கூட்டியும் குறைத்தும் சரிசெய்ய வேண்டும், அதற்கு மேல் நின்றால் மீன் இழுக்கும்போது எதிர்ப்பு தெரிந்து இரையை விட்டுவிடும். ஜிலேபிக் கெண்டை கொத்தினால் அந்த நுனி படபடவென்று துடிக்கும், துடித்துக்கொண்டேயிருக்கும், இழுத்தால் பெரும்பாலும் வெறும் முள்தான் வரும். கெளுத்தி அப்படியில்லை, இரையை வாயில் வாங்கிக்கொண்டு தன்பாட்டில் நடக்கும், தக்கை சாய்வாக ஒரே சீராக ஆழத்துக்கு இறங்கும். பெரிய கெண்டையின் கடிதான் புதியவர்களை ஏமாற்றும். அது தலைகீழாக நின்று அடித்தரையில் கிடக்கும் இரையை உறிஞ்சிவிட்டு நிமிரும்போது ஈயக்குண்டையும் சேர்த்துத் தூக்கிவிடுவதால், தக்கை மூழ்குவதற்குப் பதிலாக மேலெழுந்து நீரின்மேல் படுத்துவிடும். தக்கை அமிழ்வதற்காகக் காத்திருப்பவர், அது படுத்ததைக் கண்டு ஈயம் அறுந்துவிட்டதோ என்று யோசிக்கும் அந்த நொடியில் மீன் இரையைத் துப்பிவிடும். இதைப் பக்கத்தில் இருப்பவர் பார்த்துவிட்டால் "தூக்கு!" என்று அடிக்குரலில் சொல்வார். மற்றவருடைய தக்கையையும் ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பது எங்களுக்குள் பழகிப்போன ஒன்று. யார் தூண்டிலில் மீன் பட்டாலும் அது எல்லோருக்கும் நேர்ந்த நல்ல செய்திதான்.

எங்கள் கூட்டு எத்தகையது என்று நீ ஒரே ஒரு காட்சியில் பார்க்க வேண்டுமானால், யாராவது ஒருவருக்குப் பெரிய மீன் பட்டுவிட்ட நேரத்தில் அங்கே இருக்க வேண்டும். அவருடைய ராடு வளைந்து ரீல் கிறீச்சிட்டதுமே, இருபுறமும் இருப்பவர்கள் எதுவும் சொல்லாமல் தங்கள் நரம்புகளைச் சுற்றி எடுத்துவிடுவார்கள், ஏனென்றால் ஓடும் மீன் குறுக்கே வந்து எல்லாவற்றையும் பின்னிவிடும். அதற்காகத் தாங்கள் காத்திருந்த கடியை இழப்பதைப் பற்றி ஒருவரும் முணுமுணுத்து நான் கேட்டதில்லை. இன்னொருவர் கைவலையோடு கரையின் விளிம்பில் குந்துவார். அந்த வேலை பார்ப்பதற்குத்தான் எளிது. மீனைத் துரத்திக்கொண்டு வலையை வீசக் கூடாது. வலையை முன்னதாகவே நீருக்குள் அமிழ்த்தி அசையாமல் பிடித்திருக்க வேண்டும், தூண்டில்காரர் மீனைத் தலைப்பக்கமாக வலைக்கு மேலே கொண்டுவந்த பிறகே உயர்த்த வேண்டும். ஒளி வளைவதால் மீன் இருக்கும் ஆழத்தைவிட மேலே இருப்பதாகத் தோன்றும், ஆகவே வலையைக் கண் சொல்வதைவிட ஒரு சாண் கூடுதலாக இறக்க வேண்டும். அவசரப்பட்டு வலையின் விளிம்பால் நரம்பைத் தட்டிவிட்டால் மீன் போயிற்று. தன் வாழ்நாளின் மிகப் பெரிய மீனை ஒருவர் இன்னொருவர் கையில் ஒப்படைக்கும் நொடி அது. யார் கையில் வலையைக் கொடுக்கிறோம் என்பதிலேயே யாரை எவ்வளவு நம்புகிறோம் என்பது தெரிந்துவிடும்.

வருகிறவர்கள் பலதரப்பட்டவர்கள். இரவுப்பணி முடிந்து உறங்கப் போவதற்கு முன் ஒரு மணி நேரம் வந்து உட்காரும் செவிலியர் ஒருவர் இருக்கிறார்; வெல்டிங் வேலை செய்யும் இளைஞர் ஒருவர், கையில் உருக்குக் கம்பி கிடைத்தால் உருப்படியான தூண்டில் தாங்கியாக வளைத்துக் கொண்டுவந்துவிடுவார்; பள்ளிக்கூட விடுமுறை நாட்களில் மட்டும் வரும் ஒரு சிறுவன், ஆசிரியரிடம் வகுப்பில் கேட்கக் கூச்சப்படும் கேள்விகளையெல்லாம் இங்கே கேட்கிறான். வெளியே சந்தித்திருந்தால் நாங்கள் ஒருவரோடு ஒருவர் நாலு வார்த்தை பேசியிருப்போமா என்பது ஐயமே. இங்கே எல்லோருடைய கண்ணும் தண்ணீரின்மேல் இருப்பதால், முகத்தைப் பார்த்துச் சொல்லத் தயங்கும் செய்திகள்கூட எளிதாக வெளிவந்துவிடுகின்றன. மனைவியை இழந்த நண்பர் ஒருவர் நெடுநாள் வராமலிருந்துவிட்டு ஒரு காலையில் வெறுங்கையோடு வந்து நின்றார். யாரும் எதுவும் விசாரிக்கவில்லை. பெரியவர் தன் இரண்டாவது தூண்டிலில் இரை கோத்து அவர் கையில் கொடுத்துத் தன் பக்கத்திலேயே இடம் காட்டினார். வெகுநேரம் கழித்து அந்த நண்பர் தாமாகவே பேசத் தொடங்கினார், நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம்.

வழுக்கி விழுந்தால் யார் பார்ப்பார்கள் என்று கேட்டிருந்தாய். பார்க்க ஆள் இருக்கிறது என்பதற்கு அண்மையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். புதிதாக வந்த ஒருவர் மீனின் வாயிலிருந்து முள்ளை எடுக்கும்போது மீன் துள்ளியதில் அது அவருடைய சுட்டுவிரலில் ஆழமாக இறங்கிவிட்டது. முள்ளின் முனையருகே பின்னோக்கி ஒரு சிறு பல் இருக்குமல்லவா, அது உள்ளே போன பிறகு வந்த வழியே இழுத்தால் சதையைக் கிழித்துக்கொண்டுதான் வரும். செவிலியர் உடனே எழுந்து வந்து, முனை ஏற்கெனவே மறுபுறத் தோலை முட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து, அதை முன்னோக்கித் தள்ளி வெளியே வரவைத்து, வெல்டர் நீட்டிய இடுக்கியால் அந்தப் பல்லைத் துண்டித்துவிட்டு, மீதியைப் பின்பக்கமாக உருவி எடுத்தார். காயத்தைக் கழுவிக் கட்டிய கையோடு, டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ள அவரை எங்களில் ஒருவர் மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். முள் கண்ணருகே பட்டால் மட்டும் யாரும் தொடக் கூடாது, அப்படியே மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும் என்று அன்று செவிலியர் எல்லோருக்கும் அழுத்திச் சொன்னார். இடி கேட்டால் நாங்கள் உடனே கலைந்துவிடுகிறோம் என்பதையும் நீ தெரிந்துகொள். இப்போதைய ராடுகள் கார்பன் இழையால் ஆனவை, அது மின்சாரத்தைக் கடத்தும். மின்கம்பிகளுக்குக் கீழே ராடை உயர்த்திப் பிடித்து நடப்பதும் அதனால் ஆபத்தானது. நான் இதில் ஒருநாளும் அலட்சியமாக இருந்ததில்லை, இனியும் இருக்கமாட்டேன்.

எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லாமலில்லை. பிடித்ததைச் சமைப்பதற்காகவே வருகிறவர்கள் உண்டு, எல்லாவற்றையும் திரும்ப நீரில் விடுகிறவர்களும் உண்டு. நான் பெரும்பாலும் விட்டுவிடுகிறேன். ஆனால் வீட்டுக்கு வேண்டிய இரண்டு மீனை எடுத்துப் போகிறவரை நான் குறைவாக நினைப்பதில்லை. குறைவாக நினைப்பது, குஞ்சுகளைக் காக்கும் விராலைப் பிடிப்பவரைத்தான். விரால் தன் செந்நிறக் குஞ்சுகளைக் கூட்டமாக நீரின் மேல்மட்டத்தில் ஓட்டிக்கொண்டு, தான் அதற்குக் கீழே காவல் நிற்கும். அந்தக் கூட்டத்தின் நடுவே தவளை பொம்மையைப் போட்டால் குஞ்சுகளைக் காக்கும் ஆவேசத்தில் அது கட்டாயம் பாய்ந்து கவ்வும், பசியால் அல்ல. அதைத் தூக்கிவிட்டால் காவலற்ற குஞ்சுகளை மற்ற மீன்கள் விரைவிலேயே தீர்த்துவிடும். இந்த ஒன்றில் மட்டும் எங்கள் கரையில் விட்டுக்கொடுத்தல் கிடையாது. செங்குஞ்சுக் கூட்டத்தைக் கண்டால் யாராக இருந்தாலும் தூண்டிலை வேறு பக்கம் திருப்பிவிட வேண்டும்.

விடுவதென்றாலும் முறையாக விட வேண்டும். மீனின் உடலைப் போர்த்தியிருக்கும் வழவழப்பான சவ்வுதான் நோய்க்கிருமிகளிடமிருந்து அதற்குக் கவசம்; உலர்ந்த கையால் பிடித்தால் அது உரிந்துபோகும். ஆகவே கையை நனைத்துக்கொண்டு, வயிற்றுக்கு அடியில் தாங்கி, முடிந்தவரை நீருக்குள்ளேயே முள்ளை எடுத்து, தலையை ஓட்டத்துக்கு எதிராக வைத்துப் பிடித்திருந்தால், செவுள்கள் வழியே தண்ணீர் பாய்ந்து அது தானாகவே வாலை உதறிக்கொண்டு போகும். விரால் மேலே வந்து காற்றையே சுவாசிக்கக்கூடியது, சிறிது நேரம் தாங்கும்; கெண்டை அப்படித் தாங்காது. காவிரி ஆற்றுக்கே உரிய திமிலுள்ள மகசீர் 50 கிலோவுக்கு மேலும் வளரக்கூடிய பெருமீன். அதன் அறிவியல் பெயர் டோர் ரெமாதேவி என்று அறிவியலாளர்கள் உறுதிசெய்ததே 2018-இல்தான். அதே ஆண்டில் அதை உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யு.சி.என்., அழிவுக்கு மிக அருகில் இருக்கும் இனங்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஒரு மீனுக்குச் சரியான பெயர் கிடைக்கும்போதே அது போய்க்கொண்டிருக்கிறது என்று ஆசிரியர் ஒருநாள் சொன்னபோது, எப்போதும் மீனை எடுத்துச் செல்லும் வெல்டர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். அதற்குப் பிறகு முட்டை தாங்கிய பெரிய பெட்டை மீன்களை அவர் விட்டுவிடுகிறார்.

எனக்கு மனவருத்தம் தருவது ஒன்று உண்டென்றால், அது அறுந்த நரம்பைக் கரையிலேயே விட்டுப்போகும் பழக்கம். முன்பு தூண்டிலுக்குக் குதிரை வால்மயிரும் பட்டு நூலுமே பயன்பட்டன, அவை மக்கிப்போகும். 1935-இல் வாலஸ் கரோதர்ஸ் குழுவினர் டூபாண்ட் நிறுவனத்தின் ஆய்வகத்தில் உருவாக்கிய நைலான் மக்காது. பறவைகளின் காலைச் சுற்றிக்கொண்டு அவற்றை முடமாக்கிவிடும். ஈயக்குண்டின் கதையும் அப்படியே. நீரடியில் இரை தேடும் அன்னப்பறவைகள் அதைக் கல் என்று விழுங்கி நஞ்சேறி இறந்ததால், பிரிட்டனில் 1987-இலேயே சிறிய ஈயக்குண்டுகளின் விற்பனைக்குத் தடை வந்துவிட்டது. நாங்கள் ஆளுக்கொரு சிறு பையை இடுப்பில் கட்டிக்கொள்கிறோம். நம்முடையதோ பிறருடையதோ, கண்ணில் பட்ட நரம்பைச் சுருட்டி அதில் போட்டுக்கொள்வது வழக்கமாகிவிட்டது. தொட்டியில் வளர்த்து அலுத்துப்போன மீனை ஏரியில் கொண்டுவந்து விடுகிறவர்களுக்கும் அந்தச் சிறுவன் இப்போது பொறுமையாக எடுத்துச் சொல்கிறான். தென் அமெரிக்காவைச் சேர்ந்த உறிஞ்சுவாய்க் கெளுத்தி அப்படி வந்து சேர்ந்ததுதான். அதன் முட்களில் சிக்கிய வலையையும் நரம்பையும் மீட்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடும்.

நீ இருக்கும் ஊரில் உனக்கு இன்னும் யாரும் நெருக்கமாகவில்லை என்று எழுதியிருந்தாய். அங்கேயும் ஏதோ ஓர் ஆறோ குளமோ இருக்கும், அதன் கரையில் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். உன் சிறிய ராடை நான் துடைத்து உறையில் போட்டு வைத்திருக்கிறேன், வேண்டுமென்றால் அனுப்புகிறேன். அங்கே மீன்பிடிக்க உரிமம் வேண்டுமா, எந்த மாதங்களில் தடை, எந்த அளவுக்குக் குறைந்த மீனை விட்டுவிட வேண்டும் என்பதை முதலில் கேட்டறிந்துகொள். முதல் நாளே தூண்டிலை எடுத்துப் போகாதே. சும்மா போய், ஒருவருக்குப் பின்னால், அவருடைய நிழலைத் தாண்டாமல் நின்று பார். எதைக் கொண்டு பிடிக்கிறீர்கள் என்று கேள், எங்கே பிடிக்கிறீர்கள் என்று கேட்காதே. தனக்கு ராசியான இடத்தை எவரும் உடனே சொல்லிவிடமாட்டார்கள், அது பழகிய பிறகு தானாக வரும். அவருக்குப் பெரிய மீன் பட்டால் கைவலையைப் பிடிக்கட்டுமா என்று கேள். மற்றது அதன் பிறகு நடக்கும்.

விடுமுறைக்கு வரும்போது எனக்கு இரண்டு பொருட்கள் வாங்கி வா. ஒன்று, பின்பல் இல்லாத முள், 6 மற்றும் 8 எண்களில். எண் கூடக்கூட முள் சிறிதாகும் என்பதை நினைவில் வைத்துக்கொள், இல்லையென்றால் கடையில் குழப்பிவிடுவார்கள். இரண்டு, முடிச்சில்லாத மென்மையான ரப்பர் பின்னல் போட்ட கைவலை ஒன்று. எங்களுடையது பழசாகி, மீனின் செதிலைச் சிராய்க்கிறது. பெரியவர் உன்னை விசாரித்தார். நீ வரும் வாரத்தில் ஓடைமுகத்து இடத்தை உனக்காக விட்டுத்தருவதாகச் சொல்லியிருக்கிறார், ஆகவே வரும் தேதியை முன்கூட்டியே எழுது.

அன்புடன்,
அப்பா